34,000 கி.மீ. ஓட்டியாச்சு: சின்ன எலக்ட்ரிக் கார் தினசரி ஓட்டத்துக்கு ஒத்துவருமா?

துடியலூரான்

எல்லாருக்கும் வணக்கமுங்க. வாரத்துக்கு ரெண்டு பேராவது "எலக்ட்ரிக் கார் எடுக்கலாமா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் பாதிபாதியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எல்லாவற்றையும் இங்கே ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன்.

என் கார் டாடா டியாகோ ஈவி, 24 யூனிட் பேட்டரி. 2023 ஏப்ரலில் எடுத்தேன், இப்போது 28 மாதம் ஆகிறது. அப்போது தமிழ்நாட்டில் பேட்டரி வண்டிக்குச் சாலை வரி இல்லை என்பதால் ரோட்டுக்கு வரும்போது 10 லட்சத்து 80 ஆயிரம் ஆனது. காலையில் கோவை துடியலூரிலிருந்து கிளம்பி, கணபதியில் பையனைப் பள்ளியில் இறக்கிவிட்டு, பீளமேட்டில் அலுவலகம். சாயங்காலம் அதே வழி, நடுவில் காய்கறிக்கடை, அம்மாவுக்கு மருத்துவமனை. நாளுக்கு 40 கி.மீ., மாதம் 1,200 கி.மீ. வந்துவிடும்.

கம்பெனி சொன்ன 315 கி.மீ. சோதனைக்கூடக் கணக்கு, அதை நம்பிப் பயணம் போடாதீர்கள். ஏசி போட்டு ஊருக்குள் ஓட்டினால் எனக்கு 190 முதல் 205 வரை வருகிறது. அவிநாசி ரோட்டைத் தாண்டி நான்குவழிச் சாலையில் 80இல் போனால் 175. 100இல் அழுத்தினால் 150 தாண்டாது. வேகம் கூடக் கூடக் காற்று பிடித்து இழுக்கிறது. பெட்ரோல் காரிலும் இது உண்டு, அங்கே டேங்க் பெரிது என்பதால் தெரிவதில்லை.

இனி பணம். கரண்ட் பில்லைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். நம் மாநிலத்தில் ரெண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அடுக்குமுறையே மாறிவிடும். கார் வருவதற்கு முன் என் வீட்டில் 380 யூனிட். 2025 கட்டணப்படி பார்த்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100க்கு யூனிட் 2.35 ரூபாய், மேலே 180க்கு 4.70. அந்தக் கணக்கில் பில் 1,081 ரூபாய். கார் வந்த பிறகு 710 யூனிட். 500ஐத் தாண்டியதால் அந்த 2.35 சலுகை போய்விடுகிறது, 501இலிருந்து 8.40, 601இலிருந்து 9.45. போன பில் 3,920 ரூபாய். ஆக, காருக்காக நான் கூடுதலாகக் கட்டியது 2,839 ரூபாய். அதில் 2,400 கி.மீ. ஓடியிருக்கிறேன். கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 18 பைசா.

இதே ஓட்டத்துக்கு என் பழைய பெட்ரோல் கார் லிட்டருக்கு 15 கொடுத்தது. லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் 16,000க்கு மேல். கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 70 பைசா. "ஒரு ரூபாய்கூட ஆகாது" என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள், என் கணக்கில் ஆகிறது. ஆனாலும் வித்தியாசம் ஐந்தரை ரூபாய்.

இதையெல்லாம்விட முக்கியமானது வேறு. கார் எந்தக் கம்பெனி, பேட்டரி எத்தனை யூனிட் என்பதெல்லாம் அப்புறம். நீங்கள் கார் நிறுத்துகிற இடத்தில், உங்கள் சொந்த மீட்டரிலிருந்து வரும் ஒரு நல்ல 15 ஆம்ப் பாயிண்ட் இருக்கிறதா? இருந்தால் கார் வாங்குங்கள். இல்லையென்றால் முதலில் பாயிண்ட், பிறகு ஷோரூம். எனக்கு 15 ஆம்ப் பாயிண்டில் 10 சதவீதத்திலிருந்து நிறைய 9 மணி நேரம் போதும். ராத்திரி 10 மணிக்குச் சொருகினால் காலையில் தயார். பெட்ரோல் பங்க்கில் நின்று 28 மாதம் ஆகிறது.

பெரும்பாக்கம் டீச்சர்

சார், இவ்வளவு கணக்கோடு எழுதியதற்கு நன்றி. நான் சென்னையில் பெரும்பாக்கத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறேன். பள்ளிக்கூடம் குரோம்பேட்டையில். போக வர 38 கி.மீ. தெரிந்தவர் ஒருவர் 2023 மாடல் டியாகோ ஈவி, 19.2 யூனிட் பேட்டரி, 27,000 கி.மீ. ஓடியது, 5 லட்சத்து 75 ஆயிரத்துக்குத் தருகிறார். என் பட்ஜெட் அவ்வளவுதான்.

எனக்கு ரெண்டு சிக்கல். சொந்தப் பார்க்கிங் இருக்கிறது, ஆனால் பாயிண்ட் கேட்டால் சங்கத்தில் "தீப்பிடிக்கும்" என்று மறுக்கிறார்கள். ரெண்டாவது, பழைய பேட்டரியின் நிலையை எப்படித் தெரிந்துகொள்வது?

திருப்பூர் வயர்மேன்

டீச்சர், முதல் கேள்விக்கு நான் சொல்றேனுங்க. 19 வருஷமா வயரிங் வேலை. இந்த ரெண்டு வருஷத்துல கார் பாயிண்ட் மட்டும் அறுபதுக்கு மேல போட்டிருப்பேன்.

சங்கத்துக்காரங்க பயத்தை ஒரேயடியாத் தள்ளிடாதீங்க. கார்ல தீப்பிடிக்கிறது அபூர்வம். பிளக்குல உருகறதை நான் கண்ணால பாத்திருக்கேன். ஒரு வீட்ல போய்ப் பாத்தா, வெள்ளை சாக்கெட்டோட வலதுபக்க ஓட்டை பழுப்பாகி, பின்னால வயரோட தோல் உரிஞ்சு பச்சைக் களிம்பு. காரணம் ஒண்ணே ஒண்ணு, திருகாணி தளர்ந்திருந்தது. கீஸரும் 15 ஆம்ப்ல ஓடுற சாமான்தான், ஆனா அது கால் மணி நேரத்துல கட் ஆயிரும். கார் 14 ஆம்பை எட்டு மணி நேரம் விடாம இழுக்கும். கீஸருக்குத் தாங்கற ஜாயிண்ட் காருக்குத் தாங்காது.

அதனால மீட்டர் போர்டுலேர்ந்து தனி லைன் இழுக்கணும், நடுவுல எங்கேயும் ஜாயிண்ட் கூடாது. 30 மீட்டருக்குள்ள 4 ஸ்கொயர் (சதுர மி.மீ.) காப்பர் வயர், அதுக்கு மேல 6 ஸ்கொயர். 20 ஆம்ப் எம்சிபி (லோடு கூடினா தானா விழுற சுவிட்ச்), கூடவே 30 மில்லிஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிஞ்சா உடனே லைனை வெட்டற சுவிட்ச்) கட்டாயம். சாக்கெட் நல்ல கனமானதா, முடிஞ்சா நீல கலர் இண்டஸ்ட்ரியல் சாக்கெட். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் என்கிற பேச்சே வேண்டாம். போட்ட ஒரு மாசத்துல திருகாணியை மறுபடி முறுக்கணும், சூட்டுக்கு செம்பு விரிஞ்சு சுருங்கித் தளரும்.

அப்புறம் எர்த். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவுல மல்டிமீட்டர்ல 3 வோல்ட்டுக்குள்ள இருந்தா நல்லது. அதிகமா இருந்தா சார்ஜர் சிவப்பு லைட் போட்டு நின்னுடும். ஜனங்க உடனே கார்தான் கெட்டுப்போச்சுன்னு நினைக்கறாங்க.

துடியலூரான்

வயர்மேன் அண்ணா சொன்ன சிவப்பு விளக்கு என் வீட்டிலும் எரிந்தது. 2024 ஏப்ரல் மாசம், கொளுத்துகிற வெயில். மூன்று நாள் ராத்திரி தொடர்ந்து சார்ஜ் ஏறவில்லை. பக்கத்துத் தெரு எலக்ட்ரீசியன் வந்து மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் கொல்லைப்புறம் போனார். எர்த் குழியின் மூடியைத் திறந்தார். மண் பாளம்பாளமாக வெடித்திருந்தது. ரெண்டு குடம் தண்ணீர் ஊற்றச் சொன்னார். அரை மணியில் பச்சை விளக்கு. அன்றிலிருந்து வெயில் காலத்தில் ஞாயிற்றுக்கிழமை செடிக்குத் தண்ணீர் விடும்போது எர்த் குழிக்கும் ஒரு குடம்.

டீச்சருக்கு: வீட்டில் இருக்கிற மின் இணைப்பிலேயே காரை சார்ஜ் செய்துகொள்ளலாம் என்று மத்திய மின்சார அமைச்சகம் 2022 ஜனவரி வழிகாட்டுதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டது. அந்தத் தாளைப் பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். கூடவே அண்ணா சொன்ன எம்சிபி, ஆர்சிசிபி விவரத்தையும் எழுதிக் கொடுங்கள். வெறும் சட்டம் பேசினால் முறைப்பார்கள். "உங்கள் பயத்துக்கு இதுதான் பாதுகாப்பு" என்று காட்டினால் கேட்பார்கள்.

பேட்டரி விஷயம்: இந்தக் காரில் இருப்பது எல்எஃப்பி வகை, அதாவது இரும்பு பாஸ்பேட். மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டைத் தாங்கும், ஆயுளும் அதிகம். பேட்டரிக்கும் மோட்டாருக்கும் 8 வருடம் அல்லது 1,60,000 கி.மீ. உத்தரவாதம். அது உங்கள் பெயருக்கு மாறுமா என்பதை வாய்வார்த்தையாக இல்லாமல் எழுத்தில் வாங்குங்கள். சர்வீஸ் சென்டரில் பேட்டரி ஆரோக்கிய அறிக்கை எடுக்கச் சொல்லுங்கள். அதோடு நீங்களே ஒரு சோதனை செய்யலாம்: 100 வரை ஏற்றி, ஏசி போட்டு, உங்கள் பள்ளிக்கூட வழியிலேயே 20 சதவீதம் வரும்வரை ஓட்டுங்கள். 110 முதல் 120 கி.மீ. வந்தால் பேட்டரி நன்றாக இருக்கிறது. உங்கள் 38 கி.மீ.க்கு அது மூன்று நாள் ஓட்டம்.

எல்எஃப்பிக்கு இன்னொன்று. தினமும் 80 வரை ஏற்றினால் போதும், வாரம் ஒருமுறை முழுசாக 100 வரை விடுங்கள். இல்லையென்றால் மீட்டர் காட்டும் சதவீதமும் உள்ளே இருக்கிற சார்ஜும் கொஞ்சம் கொஞ்சமாக விலகிப்போகும்.

நெல்லை டிராவல்ஸ்

அண்ணாச்சி, உங்க கணக்குல தப்பு இல்ல. ஆனா ஒரு பக்கத்தைத்தான் காட்டுதீய. அதே தரத்துல ஆட்டோமேட்டிக் பெட்ரோல் கார் ரோட்டுக்கு வர அப்போ 8 லட்சம்தான் ஆச்சு. உங்க வண்டி 10.80. வித்தியாசம் 2 லட்சத்து 80 ஆயிரம். கிலோமீட்டருக்கு ஐந்தரை ரூபாய் மிச்சம்னா, போட்ட பணம் திரும்பி வர 51,000 கி.மீ. ஓடணும். நீங்க மாசம் 1,200 ஓடுதீய, மூணரை வருசத்துல வந்துரும். எங்க தெருவுல ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருத்தர் மாசம் 400 கி.மீ.தான் ஓடுவாரு. அவருக்குப் பத்து வருசத்துக்கு மேல ஆவும். அவரை எதுக்கு ஆசைகாட்டணும்?

என் பாட்டை எடுத்துக்கிடுங்க. நெல்லை, மதுரை, திருவனந்தபுரம்னு வாரம் 1,000 கி.மீ. லாட்ஜ் வாசல்ல ஒரு மணி நேரம் சார்ஜர் கிட்ட நின்னா, அடுத்த சவாரி போயிரும்.

துடியலூரான்

ரெண்டும் சரிங்க அண்ணாச்சி. மாதம் 400 கி.மீ.க்காரருக்குப் பண லாபம் இல்லை, அவருக்கு நான் புதுசு வாங்கச் சொல்ல மாட்டேன். டீச்சர் கேட்கிற மாதிரி ரெண்டாம் கை வண்டியாக இருந்தால் அந்த 2.80 லட்சம் வித்தியாசமே கிடையாது, அப்போது கணக்கு வேறு. நெடுஞ்சாலையே பிழைப்பு என்றால் இந்தச் சின்ன பேட்டரிக் கார் வேண்டவே வேண்டாம்.

வெளியூர்ப் பயணத்தில் நான் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். போன சித்திரையில் பழனி போனோம். எங்கள் வீட்டிலிருந்து 115 கி.மீ. திரும்பும்போது உடுமலையில் ஒரு ஓட்டல் வாசலில் இருக்கும் வேகச் சார்ஜரில் ஏற்றிக்கொள்வதாகத் திட்டம். செயலியில் பச்சையாகத்தான் காட்டியது. போய்ச் சேர்ந்தபோது 19 சதவீதம். சார்ஜர் திரை கருப்பாக இருந்தது. காவலாளி வந்து, "மூணு நாளா வேலை செய்யலீங்க" என்றார். அடுத்தது பொள்ளாச்சி, 30 கி.மீ. ஏசியை அணைத்தேன். 50க்கு மேல் போகவில்லை. பின் சீட்டில் மாமியார் பஞ்சாங்கத்தால் விசிறிக்கொண்டே வந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. பொள்ளாச்சியில் சொருகும்போது 4 சதவீதம். 10லிருந்து 80க்கு ஒரு மணி நேரம் என்பது கணக்கு. எங்களுக்கு முன்னால் ஒரு கார் நின்றதால் ரெண்டு மணி நேரம் ஆனது. யூனிட் 20 ரூபாய்க்கு மேல் கொடுத்தேன், வீட்டில் ஆகிற செலவைப்போல ரெண்டு மடங்குக்கும் அதிகம்.

அதன் பிறகு ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். 35க்குக் கீழே இறங்கும் முன் சார்ஜர் வந்துவிட வேண்டும். போவதற்கு முன் செயலியில் அன்றைக்கு யாராவது அங்கே ஏற்றியிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பச்சைப் புள்ளியை மட்டும் நம்பக் கூடாது.

சிம்மக்கல் மீனாட்சி

அண்ணே, என்கிட்ட இருக்கறது எம்ஜி காமெட். 2023 வண்டி, 17.3 யூனிட். வேகச் சார்ஜ் வசதியே கிடையாது. வீட்டுப் பாயிண்ட்தான், ஏழு மணி நேரம். அதனால ஊரைவிட்டு வெளிய எடுக்கறதே இல்ல, அதுக்குன்னு வாங்கவும் இல்ல. கீழமாசி வீதியில கடை வச்சிருக்கேன். அந்த நெரிசல்ல மூணு மீட்டருக்கும் குறைஞ்ச நீளத்துல ஒரு கார் எவ்வளவு பெரிய விடுதலைன்னு அங்க ஓட்டறவங்களுக்குத் தெரியும். தள்ளுவண்டிக்கும் மாட்டுக்கும் நடுவுல நிறுத்தி எடுத்துடுவேன். கிளட்ச் இல்ல, கியர் இல்ல, முட்டிவலியும் போச்சு.

நாலு பேர் உட்காரலாம், ஆனா மூட்டை வைக்க இடம் கிடையாது. பின் சீட்டை மடிச்சுத்தான் சரக்கு ஏத்தறேன். வீட்ல இது ஒண்ணுதான் காருன்னா யோசிச்சு எடுங்க.

நொய்யல்கரை

ஊட்டிக்கு ஏறுமாங்க? பெரியவங்க எல்லாம் குன்னூர்லயே நின்னுடும்னு சொல்றாங்க.

துடியலூரான்

நான் நாலு பேரோடு ரெண்டு தடவை போய் வந்திருக்கிறேன், வழியில் சார்ஜ் போடாமலே. காலையில் வீட்டில் 100. மேட்டுப்பாளையத்தில் 86. பர்லியாறு, குன்னூர் வழியாக ஊட்டியில் 33. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறக்குறைய 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறது. ஆளோடு சேர்த்து 1,400 கிலோ எடையை அவ்வளவு உயரத்துக்குத் தூக்கவே 7 யூனிட் வேண்டும். தூரத்துக்கு ஆவது தனி. அதனால்தான் சார்ஜ் அப்படி வேகமாக இறங்குகிறது. பார்த்துப் பயந்துவிட வேண்டாம்.

அந்த 7 யூனிட்டில் ஒரு பங்கு திரும்பி வரும். கோத்தகிரி வழியாக இறங்கினேன். கோத்தகிரியில் 26 இருந்தது, மேட்டுப்பாளையம் வந்தபோது 33. ரீஜென் (வண்டி வேகம் குறையும்போது மோட்டாரே மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும் வசதி) மூன்றில் வைத்துவிட்டால், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தவுடன் மோட்டாரே வண்டியைப் பிடிக்கிறது. பிரேக் மிதித்தது பத்துப் பதினைந்து தடவைதான் இருக்கும். கீழே வந்து சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. பழைய காரில் கல்லாறு வரும்போது பிரேக் கருகின வாசனை அடிக்கும். வீட்டுக்கு வந்தபோது 19.

ஆனால் மேலே தங்கினால், லாட்ஜில் முழுசாக ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். 100இல் இருக்கும்போது பேட்டரியில் இடமில்லை, ரீஜென் சரியாகப் பிடிக்காது. 80இல் நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

வேளச்சேரி வாசி

டீச்சர் எங்க பக்கத்து ஊர்க்காரர் என்பதால் இதைச் சொல்லியே ஆகணும். மழை. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கள் தரைத்தளப் பார்க்கிங்கில் இடுப்பளவு தண்ணீர். அடுத்த வருடம் அக்டோபரில் எச்சரிக்கை வந்ததும் ஊரே கார்களைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் வரிசையாக நிறுத்தியது, நானும் நிறுத்தினேன்.

ஐபி67 என்று விளம்பரத்தில் போடுவார்கள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும் என்பது அதன் அர்த்தம், அதுவும் பேட்டரிக்கும் மோட்டாருக்கும்தான். சீட்டு, கார்பெட், உள் வயரிங்குக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. நம் ஊர் வெள்ளம் அரை மணி நேரத்தில் வடியாது. தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் பண்ணவோ சார்ஜில் போடவோ கூடாது, டோ பண்ணித்தான் எடுக்க வேண்டும். சாக்கெட்டை வெள்ளக்கோட்டுக்கு மேலே, ஐந்தடி உயரத்தில் வைக்கச் சொல்லுங்கள். தண்ணீர் ஏறும்முன் எம்சிபியை இறக்கிவிடுங்கள்.

பெரும்பாக்கம் டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. மூன்று வாரம் ஆகிவிட்டது.

சங்கக் கூட்டத்தில் அந்த வழிகாட்டுதலையும் வயர்மேன் அண்ணன் எழுதியதையும் அப்படியே வாசித்தேன். செயலாளர் முதலில் பிடிகொடுக்கவில்லை. ஆர்சிசிபி என்றால் என்ன என்று கேட்டார், சொன்னேன். கடைசியில், என் செலவில், என் மீட்டரிலிருந்து, உரிமம் உள்ள எலக்ட்ரீசியன் செய்து சான்று கொடுத்தால் சரி என்று தீர்மானம் போட்டார்கள். மீட்டர் போர்டிலிருந்து என் பார்க்கிங் 42 மீட்டர். அதனால் 6 ஸ்கொயர் வயர். சாக்கெட் ஐந்தடி உயரத்தில். எல்லாம் சேர்த்து 21,000 ரூபாய் ஆனது. இன்னும் ரெண்டு வீட்டுக்காரர்கள் தங்களுக்கும் வேண்டும் என்று பெயர் கொடுத்திருக்கிறார்கள்.

காரை 100லிருந்து 20 வரை ஓட்டிப் பார்த்தேன், 116 கி.மீ. வந்தது. உத்தரவாதம் எழுத்தில் வந்த பிறகே முன்பணம் கொடுத்தேன். சனிக்கிழமை வண்டி வீட்டுக்கு வந்தது. முதல் நாள் ராத்திரி 11 மணிக்குக் கீழே இறங்கிப் போய்ப் பிளக்கைத் தொட்டுப் பார்த்தேன். வெதுவெதுப்புக்கூட இல்லை. திரும்பவும் ஒரு மணிக்குப் போனேன். அப்போதும் இல்லை.

திருப்பூர் வயர்மேன்

நல்லதுங்க டீச்சர். அடுத்த மாசம் 15ஆம் தேதிக்குள்ள மெயினை இறக்கிட்டுத் திருகாணியை ஒரு தடவை முறுக்கச் சொல்லுங்க. காலண்டர்ல குறிச்சு வச்சிருங்க.